மாதாவுக்குப் பக்கத்தில் நின்ற போத்தல்

நாடு விட்டு வந்து குடியேறிய பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நாலு வருடம் ஒரு சிவப்பு வைன் போத்தல் நின்றது. செபமாலைக்கு வந்த அன்ரி ஒருவர் அதற்கும் சேர்த்தே சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனார். அம்மா திருத்தவில்லை. திருத்தினால் முழுக் கதையையும் சொல்லவேண்டி வரும்.

அப்பா ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் சாமான் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இத்தாலிக்காரரான அவருடைய மேலாளர் ஒரு நத்தார் பண்டிகைக்கு அந்தப் போத்தலைக் கொடுத்தார். டோல்செட்டோ என்று பெயர். ஊரில் அவருடைய சொந்தக்காரர்கள் தலைமுறையாக முறை மாற்றாமல், பழைய பெரிய மரப் பீப்பாய்களில் வைத்துச் செய்வதாம். பணக்காரர் பூட்டிவைக்கிற சாமான் இல்லை, சனம் சாப்பாட்டோடு குடிக்கிறது, வைத்திருந்தால் கெட்டுவிடும், இன்றைக்கே திற என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அப்பாவால் திறக்க முடியாது. யுத்தம் முடிந்த நாட்களில் காணாமல் போன சித்தப்பா திரும்பி வரும்வரை ஒரு சொட்டும் குடிப்பதில்லை என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். இதையெல்லாம் ஃபோர்க்லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று இங்கிலிஷில் எப்படி விளக்குவது? நன்றி சொல்லி வாங்கி வந்தார். அடுத்த நாள் மேலாளர் கேட்டபோது ‘வெரி குட்’ என்று பொய்யும் சொன்னார். நத்தார் கேக்குக்குக் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று அம்மா கேட்டபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“அவன் வரட்டும். வந்த பிறகு உடைப்பம்,” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. போத்தலைத் திறந்தால் சித்தப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மேலாளர் ஓய்வு பெற்றார். அப்பா அவரை ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தக் கிழமை ஊரிலிருந்து அப்பாவின் சகோதரியான மாமியின் கடிதம் ஒன்று வந்திருந்தது. அப்பா வாசித்துவிட்டு மாதாவின் காலடியில் வைத்தார். என் கவனமெல்லாம் நண்டுக்கறியில் இருந்தது.

வீடு முழுக்கத் துடைத்த அம்மா போத்தலை ஒளிக்க மறந்துவிட்டார். வந்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்ததும் முதலில் கண்டது அதைத்தான். மெழுகு சொட்டி லேபல் பாதி மறைந்திருந்தாலும் சொந்தக்காரர் போத்தல் அவருக்குத் தெரியாதா? அம்மாவின் முகம் செத்துப்போனது. அப்பா தன் தம்பியைப் பற்றியும் நேர்த்தியைப் பற்றியும் உடைந்த இங்கிலிஷில் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் இங்கிலிஷ் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை.

அப்படியென்றால் அது அங்கேயே இருக்கட்டும் என்றார் மேலாளர். அப்பா இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இனி என்னத்துக்கு வைச்சிருக்கிறது? கிளாஸ் எடும்.”

குடிக்காத வீட்டில் தக்கை திறக்கிற கருவி ஏது? அப்பா அகப்பைக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளினார். வினாகிரி மாதிரிப் புளித்த மணம் எனக்கே அடித்தது. மேலாளர் ஒரு வாய் குடித்தார். முகம் மாறவில்லை. “வெரி குட்,” என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கிளாஸ் முழுதாகக் குடித்து முடித்தார்கள்.

நான் சந்தோஷம் தாங்காமல் மேலே ஓடினேன். கட்டிலில் கிடந்த பொம்மைகளை எல்லாம் கீழே தள்ளிவிட்டுப் புது விரிப்பை எடுத்து விரித்தேன். சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா, என்ன செய்கிறாய் என்று கேட்டார். சித்தப்பா என் அறையில் படுக்கட்டும், நான் உங்களோடு படுக்கிறேன் என்றேன். அம்மா விரிப்பின் மறுமுனையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தார். ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமியின் கடிதத்துக்குள் சித்தப்பாவின் மரணச் சான்றிதழ் இருந்தது எனக்குத் தெரியவர இன்னும் ஏழு வருடம் ஆனது. அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை, வீட்டில் ஒரு தலையணை குறைகிறதே என்பதுதான்.