மூலை வீட்டில் விளக்கு

எங்கள் அண்ணி பார்த்த வேலையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆளே இல்லாத வீடுகளில் ஆள் இருப்பதுபோல் காட்டுவது. அதற்கு ஒரு சம்பளம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பெனிக்காரர்களை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அதே கட்டடத்தில் மாடிப்படி துடைக்கும் வேலையை எனக்கு வாங்கித் தந்ததும் அண்ணிதான். புருஷன் வேண்டாமென்று ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்ற என்னை, "உள்ள வாடி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டவள். அவளுக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாய்க்கு அது பெரிய விஷயம்.

நாங்கள் முன்பு குடியிருந்தது ஊரின் நட்டநடுவில். ஒரு காலத்தில் அந்தக் கடைத்தெருவில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. பிறகு பெரிய கடைகள் புறவழிச்சாலைப் பக்கம் போயின, சினிமாக் கொட்டகையைப் பூட்டினார்கள், மிச்சமிருந்தவர்கள் ஈ ஓட்டிப் பார்த்துவிட்டு அவர்களும் ஷட்டரை இறக்கினார்கள். அப்போதுதான் திட்டம் வந்தது. தெருவை இடித்துவிட்டு அடுக்குமாடி, கீழே வரிசையாகக் கடைகள், நடுவில் பூங்கா. தகரத் தடுப்பு முழுக்க 'நகரின் இதயம் மீண்டும் துடிக்கும்' என்று எழுதி, பல் தெரியச் சிரிக்கும் குடும்பங்களின் படத்தை ஒட்டினார்கள். அதில் எங்கள் தெருக்காரர் ஜாடையில்கூட ஒருத்தர் இல்லை. மேடை போட்டு மைக்கில் சொன்னார்கள், இங்கே இருந்தவர்களுக்கு இங்கேயே வீடு என்று. தெருவே முணுமுணுத்துக்கொண்டு நின்றபோது முதலில் கை தட்டியது எங்கள் அண்ணி.

அவள் கை தட்டியதற்குக் காரணம் உண்டு. என் அண்ணன் ஆயுசு முழுக்க டவுன் பஸ் ஓட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர். தெரு முனை பஸ் ஸ்டாப்பில் ஒரு சிமெண்டு பெஞ்சு. வேலையை விட்ட பிறகு தினமும் அங்கே போய் உட்கார்ந்து, போகிற வருகிற டிரைவர்களையெல்லாம் வம்புக்கு இழுப்பார். அதுதான் அவருக்குச் சோறு தண்ணி. அந்தப் பெஞ்சு அவர் கைவிட்டுப் போகாது என்றுதான் அண்ணி கை தட்டினாள். ஆனால் வீட்டை இடித்ததும் ஊரின் ஓரத்தில் மூன்றாவது மாடியில் எங்களுக்கு வாடகை வீடு அமைந்தது. லிஃப்ட் கிடையாது. அண்ணன் அந்தப் படியில் ஏறியதோடு சரி. ஆஸ்பத்திரிக்குத் தவிர கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே ஆள் பாதியாகிவிட்டார். லிஃப்ட் உள்ள ஒரு வீடு, கீழே இறங்கினால் அந்தப் பெஞ்சு. அண்ணி கேட்டது அவ்வளவுதான்.

கட்டடம் எழும்பியது. வீடுகள்தான் விற்கவில்லை. கீழே கடைகளில் ஒரே ஒரு காப்பிக் கடை, அதிலும் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. பொழுது சாய்ந்தால் கட்டடம் முழுக்க இருட்டு. இருட்டுக் கட்டடத்தில் எவன் வீடு வாங்குவான்? விற்பனை மேனேஜர் சின்ன வயசுக்காரன், வாயைத் திறந்தால் 'அக்கா' தவிர வேறு பேச்சில்லை.

"சாயங்காலமானா நாலஞ்சு வீட்டுல லைட் போடுங்கக்கா. கொடியில ரெண்டு துணி காயட்டும். விற்பனை மட்டும் சூடு பிடிக்கட்டும், முன்பக்கத்துலயே உங்களுக்கு ஒரு வீடு பாத்துத் தர்றது என் பொறுப்பு" என்று, வீடு கேட்டுப் போன அண்ணியிடம் சொன்னான்.

அண்ணி அதைச் சும்மா செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பத்தை மனசுக்குள் குடிவைத்தாள். ஒன்றில் ராத்திரி டியூட்டிக்குப் போகும் நர்ஸ். அங்கே பொழுது சாயும்போது குளியலறை விளக்கு மட்டும் எரியும். இன்னொன்றில் சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி. ஹாலில் ஒரு விளக்கு, படுக்கையறையில் ஒரு விளக்கு, நடுவில் இருட்டு.

"இன்னைக்கு ராசியாயிட்டாங்களா அண்ணி?" என்று படி துடைத்தபடி கேட்பேன்.

"எங்க? அவன் இன்னும் ஹாலுலதான் கிடக்கான்" என்பாள்.

யாராவது வீடு பார்க்க வந்தால், அடுப்பில் வெங்காயத்தை வதக்கி வாசத்தைப் பரப்பிவிடுவாள். கதவுக்கு வெளியே சின்னப்பிள்ளைச் செருப்பை ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் போட்டுவைப்பாள்.

இரண்டாவது மாடி மூலை வீட்டில் மட்டும் இந்த நாடகமெல்லாம் கிடையாது. அதன் பால்கனியிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் பெஞ்சு தெரியும். அது எங்களுக்குத்தான் என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். எங்கள் பழைய பூப்போட்ட திரையைத் துவைத்து அங்கே மாட்டினாள். ஒருநாள் ஆட்டோவில் அண்ணனின் சாய்வு நாற்காலி வந்து இறங்கியது. எனக்குப் பகீரென்றது.

"கையில சாவி வாங்காம எதுக்கு இப்பவே இதெல்லாம்?"

"வாயை வைக்காதடி. உங்கண்ணன் வந்ததும் உக்கார வேணாமா?"

தினமும் வேலை முடிந்து வீடு திரும்பினால் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: "நம்ம வீட்டுல லைட் போட்டியா?"

"போட்டுட்டுத்தான் வர்றேங்க."

கொஞ்சம் கொஞ்சமாக வீடுகள் விலைபோயின. ஒரு சாயங்காலம் பட்டுப்போல் பேசும் ஒரு அம்மாள் வந்தார். அண்ணி வெங்காயம் வதக்கிய வீட்டையெல்லாம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பூட்டாமல் விட்டிருந்த மூலை வீட்டுக்குள் தானாகவே நுழைந்தார். திரையைத் தொட்டுப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மத்ததெல்லாம் ஜோடிச்ச மாதிரி இருக்கு. இதுலதான் மனுஷங்க வாசனை வருது. இதையே முடிச்சிடலாம். இந்த நாற்காலி, திரை எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மேனேஜர் அண்ணி முகத்தைப் பார்க்கவே இல்லை. "நல்ல செலக்‌ஷன் மேடம்" என்றான். பாவி! எனக்குக் கையிலிருந்த வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்க்கத் தோன்றியது. அந்த அம்மாள் அண்ணியைப் பார்த்து, "மழைக்கு ஒழுகுமா? நீங்க சொல்லுங்க, நீங்கதானே இங்கயே இருக்கீங்க" என்று கேட்டார். ஒழுகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரையே ஏமாற்றத் தெரிந்த அண்ணிக்கு அந்த வீட்டின் மேல் பழி சொல்ல மனசு வரவில்லை.

"சொட்டு ஒழுகாதும்மா. நல்ல வீடு."

அவர் போன பிறகு மேனேஜர், "வேற ஒண்ணு பாக்கலாம்க்கா" என்றான். பிறகு, "பின்னாடி கட்டப்போற பிளாக்ல பாக்கலாம்க்கா" என்றான். பின்னாடி கார் நிறுத்துமிடம் வந்தது. கடைசியில் ஒருநாள் அண்ணி அவன் மேஜை முன்னால் நின்று நகரவே மறுத்தபோது, "பழைய குடித்தனக்காரங்களுக்கு இங்க இடமில்லைன்னு மேல முடிவாயிடுச்சு. நான் என்னக்கா பண்ணட்டும்?" என்றான்.

அந்த அம்மாள் குடிவரவே இல்லை. பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறானாம், என்றைக்காவது வந்தால் இருக்கட்டும் என்று வாங்கிப் பூட்டிவிட்டார். முன்பக்கத்தில் அந்த ஒரு மூலை மட்டும் இருண்டு கிடக்கவே, மேனேஜர் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். "ஓனர்கிட்ட கேட்டுட்டேன். இங்கயும் லைட் போட்டுடுங்கக்கா." அண்ணி வாங்கிக்கொண்டாள். அந்த இடத்தில் நானாக இருந்தால் சாவியை அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன். ஆனால் வீட்டில் ஒரு மனுஷர் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, லைட் போட்டியா என்று. அவருக்கு அவள் எதையும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை.

போன வாரம் அண்ணன் பிடிவாதமாக நின்றார். "ஒரு தடவை கீழ நின்னாவது பாத்துட்டு வர்றேன்." பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் அவரை ஒரு நாற்காலியில் வைத்து, படி படியாக இறக்கிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் போய் அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தேன். அவருக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர்கூட அன்று வரவில்லை. பொழுது சாய்ந்தது. மேலே மூலை வீட்டில் விளக்கு எரிந்தது, பூப்போட்ட திரை விலகியது. அண்ணி பால்கனிக்கு வந்து கையை ஆட்டினாள். அண்ணனும் ஆட்டினார். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒருவரிடம், "அதான் நம்ம வீடு" என்று காட்டினார். ஊர் வம்பை விலைக்கு வாங்கும் நான், ஆட்டோ பிடிக்கிற சாக்கில் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் மறுபடி அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். வேலை முடிந்து வந்த அண்ணி, அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தூக்கினவர்களுக்கு மூச்சு வாங்கியது. அண்ணன் அவர்களைத் தட்டிக்கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. இந்தப் படியில என்னைத் தூக்குறது இதான் கடைசி. அடுத்த தடவை லிஃப்ட்டுலதான்."

"ஆமாங்க" என்றாள் அண்ணி.