மனேஜர் மாமா

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. என் மண்டை அதற்கு வெகு முன்னரே நின்றுவிட்டது என்பதற்குச் சாட்சி, மாமாவுக்குக் கலியாணம் பேச வந்த நாள்.

மாமா, அம்மாவின் தம்பி. வாவியில் இறால் பிடிப்பார். பின்னேரங்களில் ஊர் அணிக்கு நடுவில் நின்று உதைபந்து விளையாடுவார். கட்டிலுக்கு மேலே ஓர் இத்தாலிக்காரரின் படம் ஒட்டியிருந்தார். அவரும் நடுவில் நின்றவர்தானாம். தான் ஓடுவதைவிடப் பந்தைத்தான் ஓட விடுவாராம். கால் களைத்ததும் மனேஜர் ஆகிவிட்டாராம். சாமி கதை கேட்பதுபோல் வாய் பிளந்து கேட்பேன்.

அந்த வருடம் மாமாவுக்கு முழங்கால் பிரண்டது. "இனி நீதான் மச்சான் எங்கட மனேஜர்" என்றார்கள் அணிப் பொடியன்மார். எனக்குத் தெரிந்த மனேஜர் ஒருவர்தான், டவுன் பேங்கில் கண்ணாடி அறைக்குள் டை கட்டி இருப்பவர். மாமாவும் அவரும் இனி ஒரே அந்தஸ்து என்று முடிவு கட்டினேன்.

களுதாவளையிலிருந்து பெண்ணின் தகப்பன் வந்தார். பெண்ணை மாமா கோயில் திருவிழாவில் பார்த்து, அவளைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். அன்று காலை முழுக்க வளவுக்குள் நொண்டாமல் நடந்து பழகினார்.

"மாப்பிள்ள என்ன வேல?" என்று தகப்பன் கேட்க, அம்மா வாய் திறக்குமுன் நான் முந்தினேன்.

"மாமா மனேஜர்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னை மகனாக்கிக்கொண்டு கேட்டார். "எந்த பேங்க் மனே?"

"பேங்க் இல்ல. முந்தி நடுவில நிண்டவரு. கால் ஏலாமப் போச்சு. இப்ப கோட்டுக்கு வெளிய நிண்டு கத்துறாரு."

"கால் ஏலாதா?"

அம்மா என் தொடையில் நுள்ளினாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் மனேஜர் என்ற சொல்லைக் கேட்டால் அந்த இடம் எரிகிறது.

"கொஞ்ச நாள்ள வலைக்குப் போயிருவன்" என்றார் மாமா. தேத்தண்ணி பாதியில் இருக்கப் பெண்ணின் தகப்பன் எழுந்துவிட்டார். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அடுத்த மாட்ச்சில் மாமா கோட்டோரம் நின்றார், வாயே திறக்கவில்லை. எங்கள் அணி தோற்றது. தொண்டை கட்டிவிட்டதாக்கும் என்று வீட்டுக்கு ஓடி, அம்மாவிடம் கொத்தமல்லி அவித்து வாங்கிவந்து நீட்டினேன். மாமா மெல்ல மெல்லக் குடித்தார்.

"இப்ப சரியா மாமா?"

"ஓம் மனே. சரி."

என் மருந்து வேலை செய்துவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.