கைராசிக்காரியின் வளையல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். நானும் வெட்கமில்லாமல் அதை ரசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது இதுதான். ஒரு கண்ணாடிக் குடுவையில் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, அதற்குள் ருபீடியம் அணுக்களை லேசரால் குளிரவைத்து, காந்தப்புலத்தில் பிடித்துவைக்க வேண்டும். பிறகு குறுக்கும் நெடுக்குமாக ஒளியைப் பாய்ச்சினால் முட்டை அட்டை மாதிரி குழிகள் உண்டாகும். குழிக்கு ஒன்றாக அணுக்கள் உட்காரும். திடப்பொருளுக்குள் எலக்ட்ரான்கள் கூட்டமாக அடிக்கும் கூத்தை எந்தக் கணினியாலும் முழுசாகக் கணக்குப் போட முடியாது. இந்த அணுக்களை வைத்து அதை நடத்தியே பார்த்துவிடலாம் என்று நினைத்தாலே எனக்கு இன்றும் கை பரபரக்கும்.

ஆனால் நான் பக்கத்தில் நின்றால்தான் அணுக்கூட்டம் திரையின் நடுவில் வந்து நிற்கும். என் ஆய்வு மாணவி தனியாகக் கருவியை ஓட்டினால் ஓரமாகச் சரிந்து காணாமல் போகும். அவள் கொல்கத்தாவில், கரியாஹாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். என்னைப் பெங்காலியில் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். வேலையில் என்னைவிட நேர்த்தி. பக்கத்தில் ஓடும் மெட்ரோ ரயில் காந்தப்புலத்தைக் குழப்புகிறதோ என்று சந்தேகப்பட்டோம், லிஃப்டைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் அவள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

"தீதி, எனக்கு இது வராது போல இருக்கு. துர்கா பூஜா லீவு முடிஞ்சதும் தியரி பக்கம் மாறிக்கறேன். லெட்டர் எழுதி வெச்சுட்டேன்," என்றாள்.

மூன்று வருஷமாக அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய கருவி அது.

மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேஜையில் கிடந்த காகித கிளிப் ஒன்று என் இடது கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினேன், விழவில்லை. அவள் லுச்சிப் பூரியை அப்படியே போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தீதி! உங்க நோவா!"

நான் வாழ்க்கைப்பட்டது பெங்காலிக் குடும்பத்தில். கணவன் ஆயுசுக்காக என்று கல்யாணத்தன்று மாமியார் போட்டுவிட்டது நோவா. தங்க முலாம் பூசிய இரும்பு வளையல். முலாமையே பார்த்துப் பழகி, உள்ளே இருப்பது இரும்பு என்பதே எனக்கு மறந்துவிட்டது. குடுவையின் காற்றை உறிஞ்சும் பம்பிலுள்ள பெரிய காந்தத்தை ஒட்டியே வேலை செய்ததில் அதுவும் காந்தமாகியிருந்தது. இடது கையைக் குடுவைக்குப் பக்கத்துச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டுதான் நான் எதையும் சரிசெய்வேன். அத்தனை காந்தப்புலத்தையும் என் வளையலுக்கு ஏற்றபடி அமைத்துவைத்திருக்கிறேன்! கைராசியாம், கைராசி.

கழற்றலாமா என்று மாமியாரை ஃபோனில் பயந்துகொண்டே கேட்டேன். "கழற்றி என் மகன் கையில் கொடு. கொஞ்ச நாள் அவன் ஆயுசை அவனே பார்த்துக்கொள்ளட்டும்," என்று பெங்காலியில் சொல்லிச் சிரித்தார்.

மாணவி இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்தாள். பூஜைக்கு மூடும் நாள் காலையில் ஓட்டத் தயாரானாள். நான் வெறுங்கையோடு பழைய இடத்தில் போய் நின்றேன்.

"நீங்க வெளில நில்லுங்க தீதி," என்றாள்.

நின்றேன். தெருவில் பூஜையின் டாக் மேளம் ஆரம்பித்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு அலறல்.

"நடுவுல நிக்குது! நட்ட நடுவுல!"

ஓடினேன். மறுபடி ஓட்டினாள், மறுபடியும் நடுவில். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கைக்குக் கிடைத்த காகிதத்தில் எண்களைக் கிறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தியரிக்கு மாற எழுதிய கடிதத்தின் பின்பக்கம் அது.