சுழலாத பீரங்கியும் நிரந்தரமாகாத வேலையும்

அருங்காட்சியக வழிகாட்டியின் தொழில் எளிதானது: கேட்கிறவர்களுக்குக் கால் வலிப்பதற்குள் உண்மையைச் சொல்லி முடிக்கவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் நான். வேலை கிடைத்ததோ ஹம்பேர்க்குக்கு வெளியே ஒரு டாங்கி அருங்காட்சியகத்தில். போர்க்காலத்தில் எதிரி டாங்கிகளை அழிப்பதற்கென்றே ஜேர்மனியர் செய்த கவச வண்டிகள்தான் என் பகுதி. தகுதிகாண் காலத்தின் முடிவில் பொறுப்பாளர் திருமதி பிராண்ட் பின்னால் நின்று நான் பேசுவதைக் கேட்பார். பிடித்தால்தான் வேலை நிரந்தரம். கை வியர்க்க நேர்முகத் தேர்வுக்குப் போனவர்களுக்கு என் நிலை விளங்கும்.

முதல் நாள்

பிழையாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில், ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் "சில ஆய்வாளர்கள் வேறுவிதமாகவும் சொல்கிறார்கள்" என்று சேர்த்துக்கொண்டேன். வண்டியின் உயரத்துக்கும் சேர்த்தேன், நிறத்துக்கும் சேர்த்தேன்.

நடுவில் ஒரு பெண்மணி கழிப்பறை எங்கே என்று கேட்டார். "வலப்பக்கம், படிக்குக் கீழே" என்றேன். அவர் போகாமல் நின்றார்.

"இதில் எல்லா ஆய்வாளர்களும் ஒத்துப்போகிறார்களா?"

பெரியது

தொப்பி போட்ட ஒருவர், என் பகுதியிலேயே பெரிய வண்டியான யாக்ட்டைகரின் முன்னால் நின்று கண் கலங்காத குறை. வீட்டில் அதன் சிறு மாதிரியை ஒட்டிச் செய்து வைத்திருக்கிறாராம். "இதை யாரும் வென்றதில்லை, இல்லையா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அதன் பீரங்கிக்கு முன் அந்நாளைய எந்த டாங்கியும் தப்பாது. முன்பக்கக் கவசத்தைத் துளைப்பதும் பெரும்பாடு. ஆனால் எஞ்சின், இதைவிடப் பாரம் குறைந்த வண்டிக்குச் செய்தது. கியர்ப்பெட்டி உடையும், பாலங்கள் தாங்காது, எரிபொருள் போதாது. கைவிட்டுப் போகும்போது பலவற்றை அதன் வீரர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். இதையெல்லாம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மனைவிக்கோ ஒரே சந்தோசம்.

"கேட்டாயா? நம்முடைய கேரவனும் இதே கதைதான். பெரிதுதான் வேண்டும் என்று நின்றது நீ!"

கொலோன் பஸ்

தொப்பிக்காரர் முறைப்பாடு எழுதிவிட்டார்: வழிகாட்டி குறைகளையே சொல்கிறாராம். "வெள்ளிக்கிழமை வந்து கேட்கிறேன்" என்றார் திருமதி பிராண்ட்.

வெள்ளிக்கு முந்தின நாள் கொலோனிலிருந்து தமிழ்ச் சங்கத்தார் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். தாழ்ந்த, சின்ன ஹெற்சர் வண்டியைக் காட்டி, இதற்குப் பீரங்கியைச் சுழற்றும் கோபுரம் இல்லை, பக்கத்திலிருந்து எதிரி வந்தால் வண்டியையே திருப்பவேண்டும் என்று தமிழில் விளக்கித் தடுமாறினேன். எல்லாரும் பேந்தப் பேந்த முழித்தார்கள். சங்கச் செயலாளர் சாந்தி அக்காதான் கைகொடுத்தார்.

"விளங்கீற்றுது பிள்ளை. எங்கட கோயில் தேர்தானே! நேர போகேக்கை ஆராலும் மறிக்க ஏலாது. மூலையிலை திருப்பிறதெண்டால்தான் கட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடவேணும்."

வெள்ளிக்கிழமை

திருமதி பிராண்ட் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். ஹெற்சரின் முன்னால் நான் பாடமாக்கியதை விட்டுவிட்டுத் தேரைப் பற்றிச் சொன்னேன்: வடம், சில்லு, மூலையில் கட்டை போடுகிற அமளி. பற்றைக்குள் பதுங்கி நேரே வருபவனை அடிக்க இந்த வண்டி கெட்டி, செலவும் குறைவு. பக்கத்தால் வந்தால் திண்டாட்டம். நன்றாகச் சுட்டது என்பதற்காக நல்ல காரியத்துக்குச் சுட்டது என்றாகிவிடாது என்பதையும் சொன்னேன். அதற்கு எந்த ஆய்வாளரையும் துணைக்குக் கூப்பிடவில்லை.

எல்லாரும் போனபின் திருமதி பிராண்ட் கிட்ட வந்தார்.

"ஒரே ஒரு குறை. அந்தத் தேர் எங்கே ஓடுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை; போகும்போது எல்லாரும் என்னைப் பிடித்துக் கேட்டார்கள். திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வரும்போது சொல்லுங்கள்."

வேலை நிரந்தரமாகிவிட்டது என்றாலும், பக்கத்திலிருந்து யாராவது கேள்வி கேட்டால் நான் இன்னும் முழு உடம்போடும்தான் திரும்புகிறேன்.