படம் பார்க்கிற டாக்டரம்மா

ராஜபாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷமாக இருக்கிறாள் வெங்கடேஸ்வரி. டாக்டருக்கு ஐந்தரை வருஷம், அதற்கு மேல் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்துச் சொல்ல மூன்று வருஷம் என்று படித்து அவள் அடைந்தது, ஏசி போட்ட ஓர் இருட்டறை. அப்படியொருத்தி உள்ளே உட்கார்ந்திருப்பதே வெளியே காத்திருக்கிறவர்களுக்குத் தெரியாது. படம் எடுக்கிற விஜிதான் அவர்களுக்கு டாக்டர். ரிப்போர்ட்டை மெஷினே அடித்துத் தள்ளிவிடுகிறது என்பது ஊரின் அபிப்பிராயம். கவர் கைக்கு வந்ததும் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "எலும்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். கூட வைத்த ரிப்போர்ட் தாள், படத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளும்.

அவளுடைய ரிப்போர்ட்டுகளை ஒன்று விடாமல் படிக்காதவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கௌதம்ராஜ். மடவார் வளாகத்தில் ஒரு மாடியில் கைரோபிராக்டிக் நிலையம் வைத்திருந்தார். முதுகையும் கழுத்தையும் கையாலேயே திருப்பி, சொடக்கு எடுத்து வலி போக்குகிற வைத்தியம். ஜனங்கள் சுருக்கமாக 'சொடக்கு டாக்டர்' என்றார்கள். எத்தனை மாசம் படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் காபி சாப்பிடச் சொல்வார். மற்றபடி தங்கமான மனுஷர். ஒவ்வொரு சொடக்கையும் வீடியோ எடுத்துப் போடுவார். சத்தம் துல்லியமாக விழ வேண்டும் என்று நோயாளியின் கழுத்தோரம் ஒரு குட்டி மைக்கைக் குத்திவைப்பார். வருகிறவர்கள் எக்ஸ்ரே கொண்டுவந்தே ஆகவேண்டும் என்பது அவர் விதி. பின்னால் சுவரில் விளக்குப் பெட்டியில் படம் தொங்கினால் வீடியோ எடுப்பாக இருக்கும். ஒருமுறை அதில் ஒரு நெஞ்சுப் படம் இடம் வலம் மாறித் தொங்கியதை வெங்கடேஸ்வரி தன் போனில் பார்த்தாள். இதயம் வலப்பக்கம் இருந்தது. பன்னிரண்டாயிரம் பேர் லைக் போட்டிருந்தார்கள்.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து வரிசையாக வயிற்று ஸ்கேன் பார்த்துவிட்டு, பதினொன்றரைக்குத்தான் எக்ஸ்ரேக்களுக்கு வந்தாள். மூன்றாவதாக ஒரு கழுத்துப் படம். வெள்ளத்தாய், வயது ஐம்பத்தாறு. கௌதம்ராஜ் கொடுத்தனுப்பிய சீட்டில் 'நெக்' என்று ஒரே ஒரு வார்த்தை. என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்பதெல்லாம் அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்.

குனிந்த நிலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கியவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். தலையைத் தாங்குகிற முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பின் முளை அந்த வளையத்துக்குள் ஒட்டி நிற்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் விலகினாலே யோசிக்க வேண்டும். இங்கே ஒன்பது. அதற்கு நேர் பின்னால்தான் தண்டுவடம் இறங்குகிறது.

"விஜி, இந்தம்மா கை எப்படி இருந்துச்சு?"

"வெரலு அம்புட்டும் கோணிப்போயி இருந்துச்சு மேடம். சங்கிலியக் கழட்ட முடியல, நாந்தான் கழட்டிவிட்டேன். கையி மரத்துப் போவுதுன்னாவ. பால்கோவா கிண்டுற எடத்துல வேலயாம்."

வருஷக்கணக்கான முடக்குவாதம் விரலோடு நிற்காமல் கழுத்துவரை ஏறியிருக்கிறது. "இப்ப எங்க அவங்க?"

"படத்த வாங்கிட்டு அப்பமே போயிட்டாவ. மத்தியானம் சொடக்குக்கு டோக்கனாம். ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்ல போட்டாப் போதும், அவசரமில்லன்னாவ."

வெங்கடேஸ்வரி ரிப்போர்ட்டை அடித்து, 'கழுத்தைத் திருப்பவே கூடாது' என்று தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தது. வெள்ளத்தாயின் நம்பராகப் பில்லில் இருந்ததும் கௌதம்ராஜின் நம்பர்தான். அவருடைய நோயாளிகள் எல்லாருக்கும் ஒரே நம்பர்.

காரை எடுத்தாள். மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆடி மாசத்துக் கோயில் பஸ்களும் வேன்களும் எதிரே ஊர்வலம் வர, முன்னால் போன லாரியை முந்த முடியாமல் ஊர்ந்தாள். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க நின்றவளிடம் மேஜையில் இருந்த பெண் ஒரு அட்டையை நீட்டினாள்.

"முப்பத்தொண்ணாம் நம்பர் மேடம். செருப்பை வெளிய விட்டுருங்க. ஒங்களுக்கு முதுகா, கழுத்தா?"

"கழுத்து. எனக்கில்ல" என்று சொல்லிக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே வியர்வையில் குளித்தபடி கௌதம்ராஜ் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மேஜை மேல் வெள்ளத்தாய், மைக் குத்தியபடி, கல்யாணப்பெண் மாதிரி தயாராக உட்கார்ந்திருந்தாள். ஊரில் அன்று மாதாந்திர மின்தடை. விளக்கில்லாமல் வீடியோ இல்லை, வீடியோ இல்லாமல் சொடக்கு இல்லை. எட்டரை வருஷப் படிப்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்ற நேரத்தில், அந்தக் கழுத்தைக் காப்பாற்றியது மின்சார வாரியம்.

"மேடம்! நீங்களா? வாங்க வாங்க, காபி…"

"இவங்க கழுத்தைத் தொட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க. கரண்டு வரட்டும்னு…"

"வரவே வேண்டாம். படத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. எங்கயும் ஒடையல."

வெங்கடேஸ்வரி கவரிலிருந்து படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் அந்த இடைவெளியைக் காட்டினாள். "இது பூட்டு. கழண்டு நிக்கி. நீங்க ஒரு வெட்டு வெட்டித் திருப்பினா நரம்பு நசுங்கும். அப்புறம் கையும் கிடையாது, காலும் கிடையாது. மூச்சே நின்னாலும் நின்னுரும்."

கௌதம்ராஜ் விசிறுவதை நிறுத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்து மெல்லிய குரலில் சொன்னார்: "போன வாரம் எக்ஸ்ரேக்குச் சீட்டு வாங்க வந்தப்ப… லேசா ஒரு தடவ திருப்பிப் பாத்தேன் மேடம். கையி மரக்குதுன்னாங்க, நரம்பு எளகுதுன்னு சொல்லிட்டேன்." எழுந்து, வெள்ளத்தாயின் கழுத்தோரத்து மைக்கைத் தானே மெதுவாகக் கழற்றினார். அவளுக்குத் திட்ட வந்தது. அதைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. அந்தக் கோபமும் வீணாகப் போயிற்று.

வெள்ளத்தாய்தான் உண்மையில் கோபப்பட்டாள். "ரெண்டு மாசமா காத்துக்கெடந்து டோக்கன் வாங்கியிருக்கேன். நீ யாரு தாயி குறுக்க வந்து? ஒரே ஒரு சொடக்குப் போட்டுரட்டும், பொறவு ஒன் பேச்சக் கேக்கேன்."

"அந்த ஒரு சொடக்குதான் ஆகாதுங்கேன். கொஞ்சம் பொறுங்க, பட்டை போட்டுவிடுதேன்."

காரில் கொண்டுவந்திருந்த கெட்டியான பட்டையைக் கழுத்துக்குப் போட்டு, மதுரைக்குக் கடிதம் எழுதி, வண்டி பேசிப் படுக்கவைத்து அனுப்பினாள். வண்டியில் கூடப் போனது கௌதம்ராஜ். அதுதான் அவர் செய்த முதல் உருப்படியான வைத்தியம். மதுரையில் திருகாணி போட்டு எலும்பைப் பூட்டினார்கள். கை மரப்பு கொஞ்சங் கொஞ்சமாக விட்டது.

ஐப்பசியில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளத்தாய் கும்பிட்டபடி பேசினாள்: "மத்தவிய தொட்டுப் பாத்துச் சொல்லுதாவ. இந்த மகராசன் கையே வைக்காம என் நோவக் கண்டுபிடிச்சிட்டாரு." பக்கத்தில் கௌதம்ராஜ் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். மறுக்கவில்லை. இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவரிடமிருந்து வந்த சீட்டுகள் முன்னும் பின்னும் எழுதி நிரம்பியிருந்தன. ரிப்போர்ட் போன இரண்டு நிமிஷத்தில், "இதை அசைக்கலாமா மேடம்?" என்று போன் வரத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை. விஜி அவருக்கென்று தனி ரிங்டோன் வைத்துவிட்டாள்.

கார்த்திகையில் வெள்ளத்தாய் மறுபடியும் படம் எடுக்க வந்தாள். வெங்கடேஸ்வரி வெளியே வந்து விசாரித்தாள்.

"ஒன்ன எங்கயோ பாத்திருக்கேனே… அன்னைக்கி சொடக்குப் போட விடாமச் சண்டைக்கு வந்த பிள்ளதான? இங்கனதான் வேல பாக்கியா? என்ன வேல?"

"படம் பாக்கேன்க்கா."

"நாள் பூராவுமா? குடுத்துவச்சவ" என்றாள் வெள்ளத்தாய் மனதார.

வெங்கடேஸ்வரி சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திரையில் நான்கு திருகாணிகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இடைவெளியை அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர். இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை அடிக்க உட்கார்ந்தாள்.