அலுமாரியில் விட்டுப்போன சேட்டுகள்

பக்கத்து வீட்டுப் போதகர் குடும்பம் ஊழியத்துக்காக ஆபிரிக்கா போகிறது என்றதும், முல்லைத்தீவில் என்னைவிடத் துள்ளியவர் யாருமில்லை. அவர்களுக்குப் பெட்டி கட்ட ஓடினேன்.

போதகரின் மனைவி மெலிந்தவர். பேசும்போதும் கண் வாசலில்தான் இருக்கும். யுத்தத்தில் காணாமற்போன மகனுக்கு நத்தார்ப் பெருநாள்தோறும் புதுச் சேட்டு வாங்குவார். அவன் என் வயதுக்காரன். அதனால் என் முதுகில் வைத்தே அளவு பார்ப்பார்.

“அன்ரி, சேட்டுகளையும் பெட்டியில வைக்கட்டோ?”

“வேண்டாம் ராசா. கொண்டுபோனா, அவன் இனி வரமாட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி.”

“உயிர்த்தெழுதலைப் பிரசங்கிக்கப் போறவ கதைக்கிற கதையே இது?” என்றார் போதகர்.

“உயிர்த்தெழ முதல்ல சாகவேணும். என்ர பிள்ளை செத்தவன் எண்டு ஆர் சொன்னது?”

சேட்டுகளை அலுமாரியோடு எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, அதைப் பூட்டிய திறப்பை என்னிடம் தந்துபோனார்.

இப்போது பஸ்ஸில் என் வயதில் யார் ஏறினாலும் முகத்தை உற்றுப் பார்க்கிறேன்.