நாலு இஞ்ச் பேண்டேஜ்

சைதுன் பீவியைப் பாராட்டி எழுதத் தகுதியில்லாத ஆள் காரைக்குடியில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். அவரைக் கோர்ட்டில் நிறுத்தி ஒன்றரை மணி நேரம் குடைந்தெடுத்த வக்கீல் நான். ஆனாலும் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருடமாக நர்ஸ். குள்ளமான உருவம், கறாரான பேச்சு. நேரங்கெட்ட நேரத்தில் வார்டுக்குள் நுழைந்தால் கவுன்சிலரையும் வெளியே அனுப்பிவிடுவார். வேலைக்கு வந்த புதிதில் அவரும் ஒரு தப்புச் செய்திருக்கிறார். தலையில் காயத்தோடு ஒரு பெரியவரை மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றார் பெரியவர். சைதுன் பீவி அதை நம்பிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். நான்காம் மாதம் அதே மகன் அவரை மறுபடி தூக்கி வந்தான். இந்தத் தடவை பெரியவர் எதையும் சொல்லும் நிலையில் இல்லை. மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

"மகனைப் பக்கத்துல நிப்பாட்டி வச்சுக்கிட்டு எப்படி விழுந்தீகன்னு கேட்டேன் சார். எனக்கு அறிவு இருந்துச்சா?" என்று இன்றைக்கும் தன்னைத் தானே திட்டிக்கொள்வார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பேண்டேஜ் பழக்கம். அடிபட்டு எந்த முதியவர் வந்தாலும், கூட வந்தவர் கையில் ஒரு சீட்டைத் திணிப்பார். நாலு இஞ்ச் பேண்டேஜ். பஸ் ஸ்டாண்டுக் கடையில்தான் நல்லதாகக் கிடைக்கும் என்பார். அவர் அலமாரியில் அது குவிந்து கிடக்கும். வாங்கப் போனவர் திரும்ப இருபது நிமிடம் ஆகும். அதற்குள் முதியவரிடம் ஒரே ஒரு கேள்வி. யார் அடித்தது என்று கேட்க மாட்டார். கேட்டால் எந்தத் தகப்பனும் சொல்ல மாட்டான்.

"இன்னைக்கே வீட்டுக்குப் போறீகளாய்யா, ரெண்டு நாள் இங்குட்டே இருக்கீகளா?"

நிஜமாக வழுக்கி விழுந்தவர்கள் வீட்டுக்குப் போகத்தான் துடிப்பார்கள்.

நெற்குப்பை மலையாண்டிக்கு எழுபத்தாறு வயது. இடது கை முறிந்து வந்தார். கூட வந்தவன் மகன் முத்தரசு. அவன் பேண்டேஜ் வாங்கப் போனதும் சைதுன் பீவி கேட்டார். "இங்குட்டே இருக்கேன்த்தா" என்றார் மலையாண்டி. சட்டையைக் கழற்றினால் மேல்கையில் விரல் தடங்கள். சைதுன் பீவி டாக்டரை விடவில்லை. கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுத வைத்து, போலீசுக்கும் தகவல் அனுப்ப வைத்தார். முத்தரசு மேல் வழக்குப் பதிவானது. அவன் நேரே என்னிடம் வந்தான்.

பெற்றவரை அடித்த வழக்கு என்றால் வக்கீலுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பெற்றவரே வந்து பிள்ளையைக் காப்பாற்றிவிடுவார். சட்டம் அவர் வாயை நம்பி உட்கார்ந்திருக்கிறது. அவரோ வாயைத் திறப்பதில்லை. மலையாண்டியும் கூண்டில் ஏறி, "களத்துல வழுக்கி விழுந்துட்டேங்கய்யா" என்றார். அடுத்து சைதுன் பீவி ஏறினார்.

"அடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"அவர் சொன்னாரா?"

"இல்லைங்க."

"பிறகு எந்தச் சட்டம் உங்களைப் போலீசுக்குச் சொல்லச் சொன்னது?"

"எந்தச் சட்டமும் சொல்லலைங்க. சொன்னா நல்லா இருக்கும். சின்னப் பிள்ளைகளைச் சீரழிச்சது தெரிஞ்சு சொல்லாம இருந்தாக் குத்தம்ங்குறீக. பெரியவுகளுக்கு மட்டும் அவுகளே வாயத் திறக்கணும்ங்குறீக."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில், "அப்படி என்னதான் அவரைக் கேட்டீங்க?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சொல்லிவிட்டார், பேண்டேஜ் விவரம் உட்பட.

மாஜிஸ்திரேட் அம்மா பேனாவை மூடி வைத்தார். மலையாண்டியைத் திரும்பக் கூண்டுக்குக் கூப்பிட்டார். "பெரியவரே, இன்னைக்கு இங்கேருந்து மகன்கூட வீட்டுக்குப் போறீங்களா?"

மலையாண்டி மகன் பக்கம் திரும்பவே இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து எல்லாவற்றையும் சொன்னார். முத்தரசுக்கு ஆறு மாதம். பெரியவர் இப்போது வலையபட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார்.

போன வருடம் வக்கீல்கள் கூட்டமொன்றில், முதியோரைக் காக்கச் சட்டத்தில் என்னென்ன மாற்றலாம் என்று பேச்சு வந்தது. முதியவரைத் தனியாக வைத்து விசாரிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரி தகவல் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எழுந்து பேசினேன். நல்ல யோசனை என்றார்கள். என்னுடையதில்லை, ஒரு நர்ஸுடையது என்றேன். அந்தம்மாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

போன மாதம் என் அப்பா குளியலறையில் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அழைத்துப் போனேன். சைதுன் பீவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார்.

"சிஸ்டர், அலமாரியிலேயே..." என்று இழுத்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல வாங்கியாங்க வக்கீல் சார்."

கடையில் நிற்கும்போது அந்த ஒரே கேள்வி நினைவுக்கு வந்தது. அப்பா மேல் நான் கை வைத்ததில்லை. ஆனால் முந்தின வாரம், டிவி சத்தத்துக்காக, "பேசாம ஒரு மூலையில கெடங்க" என்று கத்தியிருந்தேன். அதற்கு முந்தின வாரமும் ஏதோ கத்தினேன், எதற்கென்று நினைவில்லை. அப்பாவுக்கு நினைவிருக்கும்.

பேண்டேஜோடு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். சைதுன் பீவி அதை வாங்கி அலமாரிக்குள் வைத்தார்.

"வீட்டுக்குத்தான் போகணும்ங்குறாரு, கூட்டிட்டுப் போங்க" என்றவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் சொன்னாரு."